மூச்சு வாங்குது, ஆஸ்துமா என்றுதான் நினைத்தோம்

கோபிக்காரன்:
அப்பிச்சிக்குப் பதினைந்து வருசமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறவர். போன ஐப்பசியில் காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்தார். கஞ்சிகூட இறங்கவில்லை. சாப்பிடாதவருக்கு ஊசி போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுமே என்று மூன்று நாள் நிறுத்திவிட்டோம். நிறுத்தச் சொன்னது நான்தான்.

நாலாம் நாள் விடியக்காலம். கட்டிலில் படுத்தபடியே, சென்னிமலைப் படி ஏறி வந்தவர் மாதிரி ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். பக்கத்து வீட்டு இன்ஹேலரை வாங்கி வந்து வாயில் வைக்கக் குனிந்தேன். குப்பென்று நேந்திரம்பழம் அழுகிய வாசம். வீட்டில் பழமே இல்லைங்க.

ஈரோட்டில் நாடி பிடிக்கும் இடத்தில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவு 7.05, குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம். இருக்க வேண்டியது 7.35 முதல் 7.45. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிட்டதாம். கரியமில வாயுவும் ரத்தத்தில் கரைந்தால் அமிலம்தான்; அதனால் ஈடுகட்ட நுரையீரல் அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

மஞ்சக்காடு:
எங்க ஆத்தா தினமும் ஆல்கலைன் தண்ணீர், அதாவது காரத்தன்மை கூடின தண்ணீர், ஒரு சொம்பு குடிக்கும். நெஞ்செரிச்சல் போயே போச்சு. உங்க அப்பிச்சிக்கும் கொடுத்துப் பாருங்க, ரத்தத்தில் அமிலமே சேராது.

லேப்காரி, திருப்பூர்:
மஞ்சக்காடு அண்ணா, நெஞ்செரிச்சல் வயிற்று அமிலம், இது ரத்தத்து அமிலம். இரண்டும் வேற வேற. நீங்கள் என்ன தண்ணீர் குடித்தாலும் ரத்தத்தின் பிஹெச்சை நுரையீரலும் கிட்னியும்தான் பிடித்து வைக்கும். மாறுவது மூத்திரத்தின் பிஹெச்.

என் கதை இதற்கு நேர் எதிர். பனியன் கம்பெனியில் ஒரு பிள்ளை பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு விட்டு, விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கிக்கொண்டன. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் ரத்தத்தில் அமிலம் குறைந்து காரப் பக்கம் போய்விடும். விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுக்கட்டும் என்று சூப்பர்வைசர் காகிதப்பையை மூக்கில் வைக்கப் போனார், தட்டிவிட்டேன். எந்த மூச்சு எதனால் என்று நமக்கு எப்படித் தெரியும்? கோபி அண்ணா வீட்டில் அன்றைக்கு யாராவது பை வைத்திருந்தால்? அமிலத்தைக் குறைக்க இருந்த அந்த ஒரு வழியும் அடைந்திருக்கும்.

அப்புறம், காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் கூடத்தான் தேவைப்படும். சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போட்டு அளவு கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மூத்திரத்தில் கீட்டோன் பார்க்கும் பட்டை மெடிக்கலிலேயே கிடைக்கிறது. வாந்தி நிற்காவிட்டால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மஞ்சக்காடு:
ஆத்தாவுக்குச் சரியானது பொய்யா?

கோபிக்காரன்:
சண்டை வேண்டாமுங்க. அப்பிச்சி நன்றாக இருக்கிறார். ஊசியை இப்போது அவரேதான் போட்டுக்கொள்கிறார், என்னைத் தொடவே விடுவதில்லை.