மூன்றாம் லெவலில் நீங்கள் எடுத்த மேனுவர்கள் மேசையில் என்ன செய்தன?

கேடயக்காரன்:
போன சனிக்கிழமை நடந்த ஆட்டம் இன்னும் மனத்தை விட்டு அகலாததால் இதை எழுதுகிறேன். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். என் ஃபைட்டர் (போர்வீரன்) மூன்றாம் லெவலுக்கு வந்ததும், மேனுவர் எனும் சண்டை உத்திகளைக் கற்கும் பேட்டில் மாஸ்டர் பிரிவை எடுத்தேன். முன்வரிசையில் நின்று தோழர்களைக் காப்பவன் என்று அவனை முதல் நாளே முடிவு செய்திருந்ததால், பக்கத்தில் நிற்கும் தோழர் மேல் விழும் அடியைக் கேடயத்தால் தடுமாறச் செய்யும் புரொடெக்‌ஷன் ஸ்டைல் ஏற்கெனவே இருந்தது. அதனுடன் பாரி (வாங்கும் சேதத்தைக் குறைப்பது), ரைபோஸ்ட் (தவறிய அடிக்கு எதிரடி), ராலி (தோழருக்குத் தெம்பூட்டுவது) ஆகிய மூன்று மேனுவர்களைச் சேர்த்துக்கொண்டேன். தாளில் பார்த்தபோது கோட்டைச் சுவர் போலத்தான் இருந்தது.

சுரங்கத்தில் இரண்டு ஓகர்கள் (தடியேந்திய அரக்கர்கள்) வந்தன. எனக்கு இடப்பக்கம் ஐந்தடியில் எங்கள் கிளெரிக் (பூசாரி), வெறும் 4 ஹிட் பாயின்ட்டோடு (உயிர்ப்புள்ளி) நின்றுகொண்டிருந்தார். முதல் ஓகர் என்னை ஓங்கியது, அடி தவறியது. நான் உடனே "ரைபோஸ்ட்!" என்று கத்தினேன், வாள் பட்டது, மேனுவருக்கான 8 முகப் பகடையிலும் 7 விழுந்தது, எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அந்த ஆரவாரம் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "இரண்டாவது ஓகர் கிளெரிக்கை அடிக்கிறது" என்றார். கேடயத்தை உயர்த்துகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் எதிர்வினையான என் ரியாக்‌ஷன் போயிருந்தது. பெருந்தடி 15 சேதம் கொடுத்தது, கிளெரிக் சாய்ந்தார். 59 ஹிட் பாயின்ட் ஓகருக்கு என் ரைபோஸ்ட் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கிளெரிக்கை ஆடும் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. என் கேரக்டர் தாளைத் தன் பக்கம் இழுத்து, "புரொடெக்‌ஷன்" என்ற சொல்லின் மேல் விரலை வைத்துவிட்டு, தாளைத் திருப்பித் தந்தார். அந்த விரல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

படிக்கட்டு ரேஞ்சர்:
நான் ஃபைட்டர் ஆடியதில்லை. ஃபைட்டர் எடுத்த மேனுவரால் பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் குழுவின் பேட்டில் மாஸ்டருக்கு ட்ரிப் அட்டாக் (எதிரியைக் கீழே சாய்க்கும் மேனுவர்) மீது தீராத காதல். கொள்ளைக்கூட்டத் தலைவன் தள்ளாடும் நிலையில் இருந்தான், நான் முப்பதடி தள்ளிப் படிக்கட்டில் நாணேற்றிக் காத்திருந்தேன், அடுத்த முறை என்னுடையது. நம் வீரர் தன் முறையில் அவனைக் கீழே தள்ளிவிட்டு, பெரிய உபகாரம் செய்தவர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். கீழே கிடப்பவனை ஐந்தடிக்குள் நின்று வெட்டுபவருக்குத்தான் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் பெரியதை எடுப்பது), தொலைவிலிருந்து அம்பு எய்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது). இரண்டு பகடைகள் உருட்டினேன்: ஒன்று 19, மற்றது 4. எந்தப் பகடையை எடுக்க வேண்டியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை. தலைவன் எழுந்தான், சன்னல் வழியே குதித்தான், நம் வீரர் வீசிய கடைசி வெட்டும் காற்றைத்தான் வெட்டியது. ஆறு மாதமாக அவன் ஆட்கள்தான் எங்களைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய பகடை:
கேடயக்காரன் நண்பருக்கு. குறை உங்கள் விரலிலும் இல்லை, கிளெரிக்கின் விரலிலும் இல்லை. ஒரே வாசலில் மூவரை வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். புரொடெக்‌ஷன், பாரி, ரைபோஸ்ட் மூன்றும் ரியாக்‌ஷனைத் தின்பவை, விலகி ஓடும் பகைவன் மேல் விழும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கும் அதையேதான் தின்னும், உங்கள் கையில் இருப்பதோ சுற்றுக்கு ஒன்று. ஆகவே ரியாக்‌ஷன் கேட்கும் மேனுவர் ஒன்றே ஒன்று போதும். புரொடெக்‌ஷன் எடுத்தவருக்கு அந்த ஒன்றும் வேண்டியதில்லை என்பேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பாரி குறைக்கும் சேதம் பகடையும் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) தரும் கூட்டெண்ணான மாடிஃபையரும் சேர்ந்தது; கனத்த கவசம் அணிந்து டெக்ஸ்டெரிட்டியை 10இல் விட்டிருந்தால் வெறும் பகடைதான் மிஞ்சும். ராலி கொடுப்பது தற்காலிக ஹிட் பாயின்ட், அதற்குக் கரிஸ்மா வேண்டும். விழுந்தவரை அது எழுப்பாது. மாறாக எதிரியைப் பயமுறுத்தும் மெனேசிங் அட்டாக்கை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் லெவலில் ஸ்ட்ரெங்த் 16 என்றால் தப்புவதற்கு எதிரி எட்ட வேண்டிய உங்கள் சேவ் எண் அடிப்படை 8, லெவலுக்கான 2, ஸ்ட்ரெங்துக்கான 3 கூட்டி 13. ஓகரின் விஸ்டம் வெறும் 7, சேவிங் த்ரோவில் இரண்டு குறையும். எனவே பத்துக்கு ஏழு முறை அது பயந்துவிடும். பயந்தது உங்களைக் கண்ணால் காணும்வரை யாரை அடித்தாலும் டிஸ்அட்வான்டேஜ்தான். கேடயம் ஓர் அடிக்குச் செய்வதை இது உங்கள் அடுத்த முறை முடியும்வரை செய்யும், ரியாக்‌ஷனையும் தொடாது. அதே ஓகரை ட்ரிப் செய்ய முயன்றால் அதன் ஸ்ட்ரெங்த் 19, பத்துக்கு ஆறு முறை தப்பிவிடும். மேனுவர் தேர்வு என்பது எதிரியின் எந்தப் பலவீனத்தைத் தட்டுவது என்ற கேள்விதான், ஆனால் பலர் பெயரின் கம்பீரத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள்.

மூன்றில் ஒன்று, தாக்குதல் எண்ணில் பகடையைக் கூட்டும் பிரிசிஷன் அட்டாக்காக இருப்பது நலம். பகடை விழுந்த பிறகு, தாக்குதலின் விளைவு எதுவும் நடப்பதற்கு முன் சேர்க்கலாம் என்பதால் வீணாவது குறைவு. 2020இல் வந்த துணைநூலின் ஏழு புதிய மேனுவர்களை உங்கள் டிஎம் ஏற்பாரானால் பெய்ட் அண்டு ஸ்விட்ச்சைப் பாருங்கள்: பக்கத்தில் நிற்கும் தோழரோடு இடம் மாறி, இருவரில் ஒருவரின் ஏசியில் (காப்பு எண்) பகடையைக் கூட்டலாம். அதற்கும் ரியாக்‌ஷன் தேவையில்லை. அதே நூலின் பிரேஸ் ரியாக்‌ஷன் கேட்பது, அதைத் தொடாதீர்கள்.

என் கதை சிறியது. ட்ரிப், புஷிங் இரண்டையும் எடுத்து வைத்திருந்தேன். எதிரே வந்தது ஹில் ஜயன்ட், அளவு ஹியூஜ். லார்ஜுக்கு மேற்பட்டவற்றைத் தள்ளவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. பகடையின் சேதம் மட்டும் சேர்ந்தது.

நாணொலி:
படிக்கட்டு ரேஞ்சர் ட்ரிப் அட்டாக்கைத் திட்டுவது நியாயமில்லை, வில்லாலும் அதைச் செய்யலாம். நான் வில் ஏந்திய பேட்டில் மாஸ்டர். ஐந்தாம் லெவலில் ஒரு வைவெர்ன் (பறக்கும் டிராகன் வகை) எங்கள் விசார்டை (மந்திரவாதி) நகங்களில் கவ்விக்கொண்டு அறுபதடி உயரத்துக்குப் போனது (விதியில் அப்படி இல்லை, எங்கள் டிஎம் அனுமதித்தார்). பறப்பது சாய்ந்தால் விழும் என்ற விதி எனக்கு மனப்பாடம். அம்பு பட்டது, ட்ரிப் என்றேன். என் சேவ் எண் 15. டிஎம் உருட்டியது 10, கூட்டல் 4, ஆக 14. வைவெர்ன் கல்லாக விழுந்தது, எல்லோரும் எழுந்து நின்றோம். அதன் பிறகுதான் விசார்டும் அதோடு விழுகிறாள் என்பது உறைத்தது. பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, ஆக ஆறு பகடைகள். 23 வந்தது, அவளிடம் இருந்தது 20. விழுவதை மெதுவாக்கும் ஃபெதர் ஃபால் மந்திரம் அவளுக்குத் தெரியும், அதைப் போடுவதற்கான ஸ்லாட்டும் இருந்தது. ஆனால் அந்தச் சுற்றில்தான் ஷீல்டு மந்திரம் போட்டு ரியாக்‌ஷனைச் செலவழித்திருந்தாள். அவள் முறை எனக்கு அடுத்தது. ஒரு முறை பொறுத்திருந்தால் ரியாக்‌ஷன் அவளுக்குத் திரும்பியிருக்கும். விசார்டை ஆடியவள் என் தங்கை, மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

படிக்கட்டு ரேஞ்சர்:
வில்லால் ட்ரிப் செய்தாலும் அடுத்து எய்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ்தானே? நீங்கள் எய்தது அந்தரத்தில் இருந்ததை. சமதரையில் உங்களுக்குப் பின் இன்னொரு வில்லாளி இருந்திருந்தால், அவரும் என்னைப் போல இங்கே எழுதிக்கொண்டிருப்பார். ட்ரிப் எடுப்பவர் தனக்கு அடுத்து ஆடுவது யார் என்று இனிஷியேட்டிவ் வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தள்ளினால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

கேடயக்காரன்:
பழைய பகடை அவர்களே, மெனேசிங் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ராலியை அவ்வளவு எளிதாக ஒதுக்காதீர்கள். என் கரிஸ்மா 14, அதே சுரங்கத்தில் அதற்கு முந்தைய சண்டையில் அது கொடுத்த 8 பாயின்ட்தான் கிளெரிக்கை நிற்க வைத்திருந்தது. பாரி போகட்டும், நான் பிளேட் கவசம் அணிந்தவன், டெக்ஸ்டெரிட்டி 10. ஆனால் புதிதாகக் கற்கும்போதுதான் பழையது ஒன்றை மாற்ற முடியும், அதற்கு ஏழாம் லெவல் வரவேண்டும். இன்னும் நான்கு லெவல்கள் அதைச் சுமந்தாக வேண்டும். டிஎம்மிடம் சலுகை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று தனிமடலில் இருவர் கேட்டார்கள். முதல் ஓகரை ரோக் முடித்தார். கிளெரிக் டெத் சேவில் (சாவா பிழைப்பா என்ற உருட்டு) 20 உருட்டி, ஒரு ஹிட் பாயின்ட்டோடு கண் திறந்து, படுத்தபடியே சேக்ரட் ஃப்ளேம் மந்திரத்தை வீசி இரண்டாவதைச் சாய்த்துவிட்டார். அந்தச் சுற்று முழுவதும் நான் ரியாக்‌ஷனைச் செலவழிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை.