டிபியா, கிரோன்ஸா? வீட்டு வாட்ஸ்அப் குழு

வசந்தி: கார்த்திக்கு ரெண்டாவது டாக்டரையும் பார்த்தாச்சு. முதல்ல பார்த்தவர் குடல் டிபின்னார், இவர் கிரோன்ஸ்ங்கறார், அதாவது கிருமியில்லாம நம்ம எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கற வியாதியாம். ஒரே ஸ்கோப் (குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தது), ஒரே பயாப்சி (அங்க கிள்ளி எடுத்த திசு). யாரை நம்பறது?

கவிதா: சித்தி, சிறுகுடல் பெருங்குடலோட சேர்ற இடத்துல புண், எடை குறையறது, காய்ச்சல்... ரெண்டுலயும் இதேதான். நம்ம நாட்டுல டிபி அதிகம், அதனால இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். பயாப்சி ரிப்போர்ட்டை முழுசா போட்டோ எடுத்துப் போடுங்க. கடைசி வரி மட்டும் போதாது.

வசந்தி: 📷

கவிதா: கிரானுலோமா (அழற்சி செல்கள் கூடின முடிச்சு) இருக்கு, நெக்ரோசிஸ் (திசு செத்துப்போறது) இல்லைன்னு இருக்கு. நடுவுல திசு செத்துத் தயிர்க்கட்டி மாதிரி இருந்தா டிபி பக்கம் நல்லாவே சாயும். பெருசா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருந்தாலும் அப்படித்தான். சின்னதா தனித்தனியா இருந்தா கிரோன்ஸ் பக்கம். இதுல அளவே எழுதலை.

செந்தில்: அத்தை, லேப்ல பயாப்சி திசுவைப் பதிச்ச மெழுகு பிளாக் பத்திரமா இருக்கும். லெட்டர் கொடுத்து வாங்கி, குடல் பயாப்சி நிறையப் பார்க்கற பேத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டலாம். மறுபடி ஸ்கோப் வேண்டாம். திசுல டிபி கிருமியோட மரபணுவைத் தேடற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் பண்ணாங்களா?

வசந்தி: நெகட்டிவ். அதை வச்சுத்தான் டிபி இல்லைங்கறார்.

செந்தில்: குடல் திசுல அந்த டெஸ்ட் பாதிக்கு மேல டிபி கேஸை விட்டுடும். பாசிட்டிவ்னா நம்பலாம், நெகட்டிவை வச்சு டிபி இல்லைன்னு சொல்ல முடியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கற கல்ச்சருக்கு அனுப்பின பீஸை எதுல போட்டாங்கன்னும் கேளுங்க. திசு கெடாம வைக்கற ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துடும், எத்தனை நாள் வச்சாலும் வளராது. அதுக்குத் தனி டப்பா, ஸலைன்ல. சரியா போயிருந்தா நெகட்டிவ்னு சொல்லவே 42 நாள் காத்திருப்பாங்க.

மோகன்: கையில ஊசி போட்டுப் பார்த்த மான்டூ டெஸ்ட்ல வீக்கம் 18 மி.மீ. வந்துச்சே, அப்ப டிபிதானே?

கவிதா: கிருமி எப்பவோ உடம்புக்குள்ள வந்திருக்குன்னுதான் அர்த்தம் மாமா. நம்ம ஊர்ல பாதி தெருவுக்குப் பாசிட்டிவ் வரும் 😀

மோகன்: அப்ப ரெண்டுக்கும் சேர்த்தே மருந்து ஆரம்பிச்சுடலாமே?

கவிதா: அதுமட்டும் கூடாது. டிபி இருக்கறப்ப கிரோன்ஸுக்குக் கொடுக்கற ஸ்டீராய்டு போனா முதல்ல பசி எடுக்கும், காய்ச்சல் விடும், நாம சந்தோஷப்படுவோம். உள்ள கிருமி பரவிட்டிருக்கும். எந்த மருந்து கேட்டுதுன்னும் பிரிச்சுச் சொல்ல முடியாது.
கார்த்தி, முதுகுவலிக்கு மாத்திரை போடறியா?

கார்த்தி: டைக்ளோஃபினாக்கா, வாரத்துல மூணு நாலு நாள்.

கவிதா: இன்னிக்கே நிறுத்து. அதே இடத்துல அதுவும் புண் பண்ணும். ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லு. லூஸ் மோஷன்னு கடையில ஆஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக் வாங்காதே, டிபியை அரைகுறையா அடக்கிடும்.

கார்த்தி: சிடி ஸ்கேன் ரிப்போர்ட்ல "லிம்ஃப் நோட்ஸ்"னு இருக்குக்கா.

கவிதா: நடுவுல கருப்பா, செத்துப்போன நிணநீர்க்கட்டின்னா டிபி. ரிப்போர்ட் போதாது, படத்தோட டிஸ்க்கையே எடுத்துட்டு வா.

வசந்தி: எதுவுமே தெளிவா வரலைன்னா?

கவிதா: அப்ப சாதாரணமா டிபி மருந்தைத்தான் முதல்ல ஆரம்பிப்பாங்க. நாலு மருந்து சேர்ந்த மாத்திரை, எடைக்கு ஏத்த எண்ணிக்கை. இவன் 46 கிலோ, தினம் 3 மாத்திரை, மூணையும் ஒரே வேளையில. அரசு ஆஸ்பத்திரியில இலவசம். யூரின் ஆரஞ்சா போகும், பயப்படாதீங்க. வாந்தியோட கண்ணு மஞ்சளானா மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டர்.
முக்கியமானது: ரெண்டு மாசத்துல மறுபடி ஸ்கோப். கிரோன்ஸ் இருக்கறவங்களுக்கும் டிபி மருந்துல கொஞ்ச நாள் வலி குறையும், அதனால "நல்லா இருக்கேன்"ங்கறது கணக்குல வராது. புண் ஆறியிருந்தா டிபின்னு எடுத்துக்கிட்டு ஆறு மாசம் முடிக்கணும். ஆறலைன்னா கல்ச்சர் பார்த்து, மருந்துக்கு அடங்காத டிபியான்னு யோசிச்சிட்டு, அப்புறம்தான் கிரோன்ஸ் மருந்து.

செந்தில்: அந்த ஸ்கோப்புக்கு முதல் ஸ்கோப் படங்களைக் கையோட கொண்டு போங்க அத்தை. பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்.

கவிதா: ஆமா. புண் ஆறினாலும் குடல் சுருங்கின இடம் அப்படியே நிக்கலாம், அந்த வலியை மருந்து கேட்கலைன்னு எடுத்துக்காதீங்க. வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்தும் பிரியலைன்னா மட்டும் ராத்திரின்னு பார்க்காம கிளம்பிடணும். இப்போதைக்கு நார்ச்சாப்பாடு வேண்டாம். முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு எதுவும் கூடாது.

வசந்தி: வாழைத்தண்டு கூட்டு இப்பத்தான் அடுப்புல வச்சேன்.

கவிதா: நீங்களும் சித்தப்பாவும் சாப்பிடுங்க. அவனுக்குக் குழைஞ்ச சாதம், பாசிப்பருப்பு.