கிறிஸ் சேல் போன பிறகு: மூத்த ஆட்டக்காரர்களைக் கொடுத்து இளைஞர்களை வாங்குவது சரியா?

தெற்குப்பக்கம்:
நேராகவே கேட்கிறேன். 2016 டிசம்பரில் நம் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் கிளப், இருக்கிற அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது (ரீபில்ட்) என்று முடிவெடுத்தது. முதலில் இடதுகைப் பிட்சர் (பந்தெறிபவர்) கிறிஸ் சேல் பாஸ்டனுக்குப் போனார். மறுநாளே ஆடம் ஈட்டன் வாஷிங்டனுக்கு. அடுத்த ஜூலையில் ஹோசே கின்டானா, அதுவும் அதே ஊரில் இருக்கும் கப்ஸுக்கு! பதிலுக்கு யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக், லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ், டேன் டன்னிங், எலாய் ஹிமெனெஸ், டிலன் சீஸ் என்று ஒரு படையே வந்து இறங்கியது. ரீபில்ட் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நடந்தது என்ன? 2018இல் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் கடைசி இன்னிங்ஸில் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்து (அடிக்கவிடாமல் வெளியேற்றி) சேல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2019இல் ஈட்டன் வாஷிங்டனோடு கோப்பையைத் தூக்கினார். நமக்கு இரண்டு ப்ளேஆஃப் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்), இரண்டிலும் முதல் சுற்றிலேயே வெளியே. மொத்தம் வென்றது இரண்டே ஆட்டங்கள். பிறகு 2024இல் 121 தோல்வி. 1962 நியூயார்க் மெட்ஸ் அணியின் 120 தோல்வியையே தாண்டிவிட்டோம்.

மேஜர் லீகில் (உச்சநிலைப் போட்டியில்) தன்னை நிரூபித்துவிட்ட ஆளைக் கொடுத்து, அங்கே ஒரு சீசன்கூட முழுதாக ஆடாதவர்களை வாங்குவது தவறு என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

இடதுகைவீச்சு:
வந்துவிட்டேன் அண்ணா. சேல் நம்மிடம் இருந்தது 2010 முதல் 2016 வரை. அத்தனை சீசனிலும் ஒரு ப்ளேஆஃப்கூட இல்லை. 2013 முதல் 2016 வரை நான்கு சீசனும் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். அவ்வளவு நல்ல பிட்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்து எறிந்தும் அணி தேறவில்லை. மீதி நான்கு நாளும் யார் ஆடினார்கள் என்று யோசியுங்கள்.

அப்போது அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று சீசன் பாக்கி, அதுவும் சந்தை விலையைவிட மிகக் குறைந்த சம்பளத்தில். பாஸ்டன் அவ்வளவு கொடுத்ததே அதனால்தான். ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும். அவர் முழங்கைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதுவும் இல்லை. பாஸ்டனிலேயே 2020இல் முழங்கைக்கான டாமி ஜான் அறுவை சிகிச்சை வரை போனாரே.

மூத்தவர்களை வைத்து உடனே வெல்லும் வழியையும் நாம் பார்த்தாகிவிட்டது. 2014 டிசம்பரில் ஜெஃப் சமார்ஜாவுக்காக மார்கஸ் செமியனையும் கிறிஸ் பாசிட்டையும் ஓக்லண்டுக்குக் கொடுத்தோம். 2016 ஜூனில் வயதான ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காக ஒரு 17 வயதுப் பையனை சான் டியாகோவுக்கு அனுப்பினோம். அந்தப் பையன்தான் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர். அந்த வழியில் இருந்ததைவிட ரீபில்ட் ஆயிரம் மடங்கு மேல்.

தெற்குப்பக்கம்:
தம்பி, டாடிஸ் பெயரை நீங்கள் எடுத்தது எனக்குத்தான் உதவி. அந்தப் பையனிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்தது யார்? அதே அலுவலகம். ஆறு மாதம் கழித்து அடுத்தவர்களின் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கவும் வளர்க்கவும் சொல்லி அதே ஆட்களிடம்தானே பொறுப்பைக் கொடுத்தோம்? தன் வீட்டுப் பையனையே எடைபோடத் தெரியாதவர்கள் பாஸ்டன் பையனை எப்படி எடைபோடுவார்கள்?

ஈரிக்கரை:
நான் கிளீவ்லண்ட் ரசிகன், உங்கள் அணியும் எங்கள் அணியும் ஒரே டிவிஷன் (லீகின் ஒரே பிரிவு) என்பதால் உள்ளே வருகிறேன். நீங்கள் இருவரும் ‘வைத்துக்கொள்வது, இல்லையென்றால் எல்லாவற்றையும் கலைப்பது’ என்று இரண்டே வழி இருப்பதாகப் பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் ஒவ்வொருவராக விற்பார்கள், ஒப்பந்தம் முடிய ஒன்று இரண்டு வருடம் இருக்கும்போது. 2019 டிசம்பரில் கோரி க்ளூபர் டெக்சஸுக்குப் போனார், இமானுவேல் க்ளாசே வந்தார். 2020 ஆகஸ்டில் மைக் கிளெவிஞ்சர் சான் டியாகோவுக்குப் போனார், ஜாஷ் நெய்லரும் கால் குவான்ட்ரில்லும் வந்தார்கள். 2021 ஜனவரியில் ஃப்ரான்சிஸ்கோ லிண்டோரே நியூயார்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். அன்று மனது உடைந்துபோனது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ட்ரேடில் (ஆட்டக்காரர் பரிமாற்றத்தில்) ஆன்ட்ரெஸ் ஹிமெனெஸ் வந்தார். மறு வருடமே, 2022இல், இவர்களை எல்லாம் வைத்து 92 ஆட்டம் வென்று டிவிஷனை எடுத்தோம். அந்த வருடம் உங்கள் ரீபில்ட் உச்சத்தில் இருந்திருக்க வேண்டும், நீங்கள் 81 வெற்றி 81 தோல்வி.

நூறு தோல்வி சீசனை ரசிகர்கள் மேல் சுமத்தாமலே இளைஞர்களைக் கொண்டுவர முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இடதுகைவீச்சு:
கிளீவ்லண்ட் முறைக்கு மரியாதை உண்டு. ஆனால் கோப்பை? 1948க்குப் பிறகு இல்லையே. முழுசாகக் கலைத்தவர்களைப் பாருங்கள். ஹூஸ்டன் 2011, 2012, 2013 என்று வரிசையாக 106, 107, 111 தோல்வி. 2017இல் கோப்பை. (கேமரா வைத்து எதிரணியின் சிக்னலைத் திருடிய விவகாரம் அந்தக் கோப்பைமேல் கறைதான். அதனால் அதை ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன்.) கப்ஸ் 2012இல் 101 தோல்வி, 2016இல் 108 வருடக் காத்திருப்பு முடிந்தது.

கப்ஸ் செய்த ட்ரேடுகள்தான் என் வாதத்துக்கு உயிர். 2012 ஜூலையில் ரயன் டெம்ப்ஸ்டரை டெக்சஸுக்குக் கொடுத்தார்கள். அவருக்கு 35 வயது, அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் கைல் ஹென்ட்ரிக்ஸ். வேகம் மணிக்கு 90 மைலை ஒட்டித்தான் இருக்கும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பிட்சர். 2016 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியது அவர்தான்.

ஜேக் அரியேட்டா கதை இன்னும் சுவையானது. 2013 ஜூலையில் ஸ்காட் ஃபெல்ட்மேன் என்ற அனுபவசாலியை பால்டிமோருக்குக் கொடுத்து இவரை வாங்கினார்கள். அந்த சீசனில் அரியேட்டாவின் இ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி, குறைந்தால் நல்லது) 7.23. பால்டிமோரில் அவருடைய வீச்சு முறையை மாற்ற முயன்று ஆளையே குழப்பிவிட்டிருந்தார்கள். இயல்பாகவே அவர் எறியும் மேட்டில் மூன்றாம் தளத்துப் பக்கமாக நின்று, உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுவந்து எறிபவர். கப்ஸ் பயிற்சியாளர்கள் ‘உன் வழியிலேயே எறி’ என்று விட்டுவிட்டார்கள். 2015இல் இ.ஆர்.ஏ 1.77, கையில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஃபெல்ட்மேன் பால்டிமோரில் இருந்ததோ அந்த அரை சீசன் மட்டும்தான்.

மூன்றாம்தளம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். அரியேட்டா கதை சொல்வது வேறொன்று என்று தோன்றுகிறது. அந்த ட்ரேடை உயர்த்தியது ட்ரேட் நடந்த நாள் அல்ல, பிறகு மைதானத்தில் நடந்த வேலை. நாற்று வாங்கி வந்தால் மட்டும் விளைந்துவிடாது.

ஒயிட் சாக்ஸில் அந்தப் பிந்தைய வேலைதான் சொதப்பியது. வந்தவர்கள் வெறும் காகிதப் புலிகள் இல்லை. ஜியோலிட்டோ 2020இல் பிட்ஸ்பர்குக்கு எதிராக நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) எறிந்தார். சீஸ் 2022 சை யங் ஓட்டெடுப்பில் இரண்டாம் இடம். மொன்காடா 2018இல் 217 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார், மறு வருடமே .315 சராசரியில் அடித்தார். எலாய் ஹிமெனெஸ் முதல் சீசனிலேயே 31 ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது). 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் ப்ளேஆஃப் போனது கிளப் வரலாற்றிலேயே முதல்முறை. 1901இலிருந்து இருக்கும் அணி இது! ஆகவே ட்ரேடே தவறு என்று தெற்குப்பக்கம் சார் சொல்வதை ஏற்க மாட்டேன்.

ஆனால் மிச்ச அணியை யார் கட்டினார்கள்? 2019இல் மானி மச்சாடோவுக்கு 8 வருடம் 25 கோடி டாலர் என்று நின்றுவிட்டார்கள். சான் டியாகோ 10 வருடம் 30 கோடி கொடுத்துக் கூட்டிப்போனது. அதற்கு முன்பே அவருடைய மைத்துனர் யோண்டர் அலோன்சோவையும் நண்பர் ஜான் ஜேயையும் அணியில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆள் வரவில்லை, மைத்துனர் மட்டும் இருந்தார். 2022 டிசம்பரில் ஆன்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடிதான் கிளப் வரலாற்றின் மிகப் பெரிய ஒப்பந்தம். சிகாகோ போன்ற நகரத்தில்! கப்ஸ் 2014 டிசம்பரிலேயே ஜான் லெஸ்டர் ஒருவருக்கு 15.5 கோடி கொடுத்தது. இளைஞர்கள் வளர்ந்து நிற்கும்போது பக்கத்தில் நிற்க ஒரு பெரியவர் வேண்டும், அதைத்தான் அவர்கள் வாங்கினார்கள்.

2021, 2022இல் மைதானத்தின் பின்பகுதியான நம் அவுட்ஃபீல்டைப் பார்த்தீர்களா? ஆன்ட்ரூ வானும் கேவின் ஷீட்ஸும் முதல் தள ஆட்டக்காரர்கள். அவர்களைக் கொண்டுபோய் மூலையில் நிறுத்தினார்கள். இடைவெளியில் விழும் பந்துக்கு இரண்டடி தாமதமாக ஓடுவார்கள், பிட்சர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஹிமெனெஸுக்கு ஃபீல்டிங் வராது என்று ஊருக்கே தெரியும். 2021 மார்ச்சில் ஒரு பயிற்சி ஆட்டத்தில், எண்ணிக்கைக்கே வராத ஆட்டத்தில், ஹோம் ரன்னைப் பிடிக்க இடதுபுறச் சுவர்மேல் கையைப் போட்டுத் தொங்கி மார்புத் தசைநார் அறுந்தது. பாதி சீசனுக்கு மேல் போயிற்று. முன்பே அவரை பேட்டிங் மட்டும் செய்ய வைத்திருக்கலாம்.

அப்புறம் க்ளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) கிரெய்க் கிம்ப்ரல். 2021 ஜூலையில் இரண்டாம் தள ஆட்டக்காரர் நிக் மாட்ரிகலைக் கொடுத்து வாங்கினோம். கப்ஸில் 0.49 ஆக இருந்த அவருடைய இ.ஆர்.ஏ நம்மிடம் வந்ததும் 5.09. அதோடு இரண்டாம் தளத்திலும் ஓட்டை. நம்மிடம் லியாம் ஹென்ட்ரிக்ஸ் என்ற முதல்தர க்ளோசர் ஏற்கெனவே இருந்தாரே, எதற்கு இன்னொருவர்?

தெற்குப்பக்கம்:
மூன்றாம்தளம் சொன்ன அத்தனையும் உண்மை. நான் கேட்பது, ரீபில்ட் என்ற சொல்லே உரிமையாளருக்கு வசதியாகப் போய்விடுகிறது அல்லவா? 2017, 2018, 2019 மூன்று சீசன், அதில் ஒன்று 100 தோல்வி. அந்தக் காலம் முழுவதும் சம்பளச் செலவு குறைவு. கேட்டால் ‘பொறுங்கள், இளைஞர்கள் வருகிறார்கள்’. வந்தபோது மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது? மூத்த ஆட்டக்காரரை வைத்திருக்கும் அணி செலவழித்தே ஆக வேண்டும், அந்தக் கட்டாயமாவது இருக்கும்.

இன்னொன்று. தோற்றால் டிராஃப்டில் (புதிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறையில்) முதல் இடம் கிடைக்கும் என்ற கணக்கும் இப்போது இல்லை. முதல் இடங்களுக்குக் குலுக்கல் லாட்டரி வந்துவிட்டது. பெரிய சந்தை அணிகள் அடுத்தடுத்த வருடம் லாட்டரியில் வர முடியாது என்ற விதியும் வந்துவிட்டது. 121 ஆட்டம் தோற்றுவிட்டு 2025 டிராஃப்டில் நமக்குக் கிடைத்தது பத்தாவது இடம். 2024 ஜூலை, ஆகஸ்டில் தொடர்ந்து 21 தோல்வி பார்த்த ரசிகனுக்கு அதுதான் பரிசு.

ஈரிக்கரை:
டெட்ராய்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்ட் 31, கெடு முடியும் கடைசி நேரத்தில் ஜஸ்டின் வெர்லாண்டர் ஹூஸ்டனுக்குப் போனார். வந்த மூன்று பேரில் முக்கியமானவர் என்று சொன்ன ஃப்ராங்க்ளின் பெரெஸ் காயம் காயமாகப் பட்டு மேஜர் லீகுக்கு வரவே இல்லை. ஜேக் ராஜர்ஸ் மட்டும் கேட்சராக நின்றார். 2019இல் டெட்ராய்ட் 114 தோல்வி, வெர்லாண்டருக்கு அதே வருடம் சை யங். பிறகு டெட்ராய்ட்டை நிமிர்த்திய டாரிக் ஸ்கூபல் ட்ரேடில் வந்தவர் இல்லை, 2018 டிராஃப்டில் ஒன்பதாவது சுற்றில் எடுத்த பையன்.

இடதுகைவீச்சு:
ஈரிக்கரை, வெர்லாண்டருக்கு அப்போது 34 வயது, வருடத்துக்கு 2.8 கோடி டாலர் சம்பளம். கேட்டு வந்த அணிகளே குறைவு. பேரம் பலவீனமான இடத்திலிருந்து நடந்தது, ஏனென்றால் டெட்ராய்ட் இரண்டு வருடம் தாமதித்தது. என் வாதத்துக்கு அதுவும் ஆதாரம்தான்: விற்க வேண்டும் என்றால் சேல் போல, உச்சத்தில் இருக்கும்போதே விற்க வேண்டும்.

கான்சஸ் சிட்டியையும் யாரும் சொல்லவில்லை. 2010 டிசம்பரில் சாக் கிரைன்கி மில்வாக்கிக்குப் போனார். வந்தவர்களில் லோரென்சோ கேய்ன், அல்சிடெஸ் எஸ்கோபார், ஜேக் ஒடோரிசி. கேய்ன் 2014இலும் எஸ்கோபார் 2015இலும் லீக் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர்கள். 2015இல் கோப்பை. சின்ன ஊர், சின்ன பட்ஜெட்.

மூன்றாம்தளம்:
அதில் பாதியைத்தான் சொன்னீர்கள் தம்பி. 2012 டிசம்பரில் அவர்கள் அதே ஒடோரிசியையும் வில் மயர்ஸையும் டாம்பா பேக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸையும் வேட் டேவிஸையும் வாங்கினார்கள். இளைஞர்களைக் கொடுத்து மூத்தவர்களை! அன்று எல்லோரும் திட்டினார்கள். 2015 வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட்டை எடுத்தது டேவிஸ். எப்போது விற்பதை நிறுத்தி வாங்க ஆரம்பிப்பது என்று தெரிந்த அணி அது. நமக்குத் தெரியவில்லை.

இடதுகைவீச்சு:
சரி, இப்போதைய கணக்குக்கு வருவோம். 2024 டிசம்பரில் காரெட் க்ரோஷே பாஸ்டனுக்குப் போனார். கைல் டீல், சேஸ் மெய்ட்ராத், ப்ரேடன் மான்ட்கமரி, விக்கெல்மேன் கொன்சாலெஸ் வந்தார்கள். டீலும் மெய்ட்ராத்தும் 2025லேயே மேஜர் லீகில் ஆடினார்கள். 41 வெற்றி 60 ஆனது. 121 தோற்ற அணியில் இன்னும் இரண்டே வருடம் இருக்கப்போகிற பிட்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் ஜெனரல் மேனேஜராக இருந்தாலும் அதையே செய்வேன்.

தெற்குப்பக்கம்:
இரண்டே வருடம் என்று யார் எழுதிவைத்தது? பாஸ்டன் அவரை வாங்கிய நாலு மாதத்தில் 6 வருடம் 17 கோடி டாலர் கொடுத்துத் தன்னோடு கட்டிப்போட்டது. 2025இல் 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக் அவுட், சை யங் ஓட்டெடுப்பில் ஸ்கூபலுக்கு அடுத்த இடம். அவர் மூத்த ஆட்டக்காரர்கூட இல்லை, விற்றபோது 25 வயது. அவரைச் சுற்றித்தான் ஒரு ரீபில்டே நடந்திருக்க வேண்டும்.

டீல் நன்றாக ஆடுகிறார், எனக்கும் பிடித்திருக்கிறது. அவருக்கு இந்த அணி எப்போது நீண்ட ஒப்பந்தம் கொடுக்கிறது என்று பார்க்கிறேன். கொடுத்தால் இங்கேயே வந்து பாராட்டி எழுதுகிறேன். கொடுக்காமல் 2029 வாக்கில் அவரையும் நாலு பையன்களுக்கு விற்றால், அன்றும் இதே கேள்வியைத்தான் கேட்பேன்.