புதுப்பிப்பு: தீவிர சிகிச்சையில் அப்பச்சிக்குத் திரும்பிய காய்ச்சல்

காரைக்குடியில் தீவிர சிகிச்சையில் இருந்த அப்பச்சிக்கு, நிமோனியா தணிந்த பிறகும் குளிர்காய்ச்சல் ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இப்போது வார்டுக்கு வந்து, கவுனி அரிசி கேட்டு அடம்பிடிக்கிறார்.

"சிறுநீர் வடியச் செருகிய குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள்" என்று பதில் எழுதிய செவிலியர் அக்காவின் யோசனைதான் பலித்தது. கேட்ட அன்றே மருத்துவர் குழாயை எடுத்துவிட்டார். குழாயோடு இணைந்த பையில் தேங்கியதை விட்டுப் புதிதாகப் பிடித்த சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார்கள். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது, ஏற்றிக்கொண்டிருந்த செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அது மசியவில்லை. மெரோபெனம் என்ற வேறு ஆன்டிபயாட்டிக் தொடங்கியபின் காய்ச்சல் இறங்கியது.

எதிர்பாராத ஒன்று: ஸ்கேனுக்குப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போகும்போது சிறுநீர்ப் பையை அவர் வயிற்றின்மேல் வைத்திருந்தார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும். மேலே ஏறினால் சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும்.