ஹாலில் ஒரே ஒரு ஃப்ளவர்ஹார்ன்: குட்டியா, வளர்ந்த மீனா?

பெரம்பூர்வாசி

வணக்கம். ஹாலில் ஒரே ஒரு மீன், வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற மாதிரி ஒரு மீன் வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை பையனோடு சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் இரண்டு மணி நேரம் சுற்றினோம். ஃப்ளவர்ஹார்ன்தான் என்று முடிவாகிவிட்டது.

ஒரு கடையில் இரண்டு அங்குலக் குட்டி 350 ரூபாய். இன்னொரு கடையில் ஏழு அங்குல மீன், நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஹம்ப் (புடைப்பு), உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு, 5,500 ரூபாய். இரண்டு அடி தொட்டியே போதும் என்று இரண்டு கடையிலும் சொன்னார்கள். ஏழாவது படிக்கும் பையன் குட்டிதான் வேண்டும் என்கிறான். எனக்கு அந்தப் பெரிய மீன் கண்ணிலேயே நிற்கிறது. வீடு இரண்டாவது மாடி. மெட்ரோ தண்ணீரும் உண்டு, போர் தண்ணீரும் உண்டு. எதை வாங்கலாம்?

அயனாவரம் தொட்டி

வளர்ந்த மீனையே வாங்குங்கள் சார். ஃப்ளவர்ஹார்ன் இயற்கையில் இருக்கிற மீன் இல்லை. 1990களில் மலேசியாவில் சிக்லிட் என்கிற மீன் குடும்பத்தின் மத்திய அமெரிக்க வகைகளைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம். ட்ரைமாக், ரெட் டெவில், மைடாஸ் என்று பல ரத்தம் அதில் ஓடுகிறது. அதனால் ஒரே ஈட்டில் பிறந்த குட்டிகள்கூட ஒன்றுபோல வராது. ஒன்றுக்குப் பெரிய ஹம்ப் வரும், கூடப் பிறந்தது வழுக்கை நெற்றியோடு சாம்பல் நிறத்தில் நிற்கும். இரண்டு அங்குலத்தில் ஆணா பெண்ணா என்றே உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் மூன்று முறை குட்டி வாங்கினேன். இரண்டு பெண், ஒன்று ஆண். அந்த ஆணுக்கும் ஹம்ப் வரவில்லை. நான்காவது முறை ஆறு அங்குல மீனாக வாங்கினேன், இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

வில்லிவாக்கம் அக்கா

தம்பி சொன்னதில் மரபணு விஷயம் சரி. ஆனால் கண்ணால் பார்ப்பது எல்லாம் அந்த மீனின் சொந்தச் சொத்து என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். சிவப்பு சீக்கிரம் ஏறுவதற்காக ஹார்மோன் கொடுத்து வளர்க்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. 2019இல் நான் ஒரு கடையில் 4,000 ரூபாய் கொடுத்து அப்படி ஒரு மீன் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து இரண்டே மாதத்தில் நிறம் வெளுத்தது, ஹம்ப் வற்றியது, சாணம் வெள்ளை நூல் மாதிரி வந்தது. அப்புறம் தலையில் சிறு குழிகள். எத்தனையோ பாடுபட்டும் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்தது குட்டி. விரல் நுனி அளவில் வந்தான், இப்போது பத்தரை அங்குலம், ஆறு வயது ஆகிறது. சமையலறையிலிருந்து நான் வெளியே வந்தால் கண்ணாடியோடு கண்ணாடியாக வந்து நிற்பான். வீட்டுக்காரர் வந்தால் அவ்வளவு அக்கறை இல்லை, சோறு போடுகிறவள் நான்தானே. ஹம்ப் சுமார்தான். ஆனால் என்ன சாப்பிட்டான், எப்போது நோய் வந்தது என்று அவன் கதை முழுவதும் எனக்குத் தெரியும். உங்கள் பையன் கேட்பது சரியான மீன்.

நீலக்கண்ணாடி

இருவரும் தொட்டியைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். இரண்டு அடி தொட்டியில் வளர்ந்த ஃப்ளவர்ஹார்னைப் போடுவது கொடுமை. ஓர் அடி வரை வளர்கிற மீன் அது, திரும்புவதற்கே இடம் இருக்காது. நல்லபடி பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் வாழும். பையன் கல்லூரிக்குப் போன பிறகும் தண்ணீர் மாற்றப் போவது நீங்கள்தான் சார், அதை இப்போதே யோசியுங்கள்.

எனக்கு இந்தக் கலப்பினத்தின் மேலேயே விருப்பம் இல்லை. தலை வீங்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடம்பு. அதைத் தூண்டுவதற்குக் கண்ணாடியைக் காட்டி நாள் முழுக்கச் சண்டைக்கு இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு வாஸ்து மீன் என்று வேறு விற்கிறார்கள். மீன் செத்தால் ‘வீட்டுத் திருஷ்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டது’ என்கிறார்கள். பெரும்பாலும் அது தன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவில் மூச்சுத் திணறிச் செத்திருக்கும். அந்த ஒரு வார்த்தை காரணத்தை மறைத்துவிடுவதால் அடுத்த மீனும் அதே தொட்டியில் அதே மாதிரி சாகிறது.

ஒற்றை மீன்தான் வேண்டும் என்றால் கிரீன் டெரர் என்கிற சிக்லிட்டைப் பாருங்கள். எக்குவடோர், பெரு பக்கத்து ஆற்று மீன். ஃப்ளவர்ஹார்னைவிடச் சிறியது, நான்கு அடி தொட்டியில் நிம்மதியாக இருக்கும். முகத்தில் நீலக் கோடுகள், வால் ஓரத்தில் ஆரஞ்சு, பார்க்கவும் குறைவில்லை.

வில்லிவாக்கம் அக்கா

கண்ணாடி விஷயத்தில் நூறு சதவீதம் உங்கள் பக்கம். வாரத்தில் இரண்டு நாள், ஐந்து நிமிடம், அதற்கு மேல் நான் காட்டுவதில்லை. ஆனால் ஒரு வம்சம் மனிதக் கையால் உருவானது என்பதற்காக, ஏற்கனவே பிறந்து நிற்கிற குட்டியை ஒதுக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தனியாக இருப்பதும் இந்த மீனுக்குத் தண்டனை இல்லை. கூட்டமாக வாழ்கிற டெட்ராவைத் தனியாகப் போட்டால் பயந்து சாகும். இது எல்லை காக்கிற ஜாதி, துணை விட்டால் அடித்துக் கொன்றுவிடும்.

அயனாவரம் தொட்டி

அக்கா, ஹார்மோன் ஏற்றிய மீனை அடையாளம் காண வழி இருக்கிறது. ஒரே நாளில் வாங்காதீர்கள். பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை போய்ப் பாருங்கள், இரை போடச் சொல்லிப் பாருங்கள். மூன்று, நான்கு அங்குலக் குட்டி முழுச் சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எட்டு அங்குலத்தில் நிறமும் ஹம்ப்பும் நிற்கிற மீனில் ஏமாற்ற இடம் குறைவு. தொட்டி விஷயத்தில் நீலக்கண்ணாடி சொல்வதை ஏற்கிறேன்.

பெரம்பூர்வாசி

இரண்டு அடி வேண்டாம், புரிந்தது. தண்ணீர்தான் குழப்பம். போர் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் ஊற்றலாமா?

நீலக்கண்ணாடி

கேன் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது ஆர்.ஓ. தண்ணீர், தாது உப்பு எல்லாம் எடுத்த வெறும் தண்ணீர். தொட்டியில் அமிலத்தன்மை ஏறும்போது தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் கிடையாது, பி.எச். (அமில, கார அளவு) திடீரென்று கீழே போய்விடும். ரெட் டெவிலும் மைடாஸும் நிகராகுவா ஏரிகளிலிருந்து வந்தவை. கடினத் தண்ணீர் அவற்றுக்குப் பழக்கம், அந்த ரத்தம்தான் இதிலும். நம் போர் தண்ணீரோடு மெட்ரோ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே ஓடும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் சொட்டு விடாமல் ஊற்றக் கூடாது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள்.

வில்லிவாக்கம் அக்கா

மின்சாரத்தையும் யோசியுங்கள் தம்பி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. கீழே முழங்கால் தண்ணீர், மேலே இவன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். ஒரு சொம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரவில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நானும் மகளும் மாறி மாறி. இரை போடுவதை முதல் நாளே நிறுத்திவிட்டேன். தின்றால் கழிவு, கழிவு வந்தால் அம்மோனியா.

கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கிற ஃபில்டர்) போடப் போன மகளைத் தடுத்தேன். இரண்டு நாள் காற்றில்லாமல் உள்ளே நின்ற தண்ணீர் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அதைக் கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓடவிட்டேன். அப்படியே போட்டிருந்தால் புயலில் பிழைத்தவன் அன்றைக்குப் போயிருப்பான். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று மறக்காமல் வாங்கி வையுங்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது.

பெரம்பூர்வாசி

அக்கா, இதைப் படித்ததும் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்தான். நான்கு அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை தொட்டி போடுகிறோம். மீன் குட்டியாகவே இருக்கட்டும் என்று நானும் இறங்கி வந்துவிட்டேன். இந்த வாரமே வாங்கலாமா?

அயனாவரம் தொட்டி

குட்டி விஷயத்தில் நான் மாறவில்லை. பெண்ணாக வளர்ந்தால் பையன் முகம் எப்படி இருக்கும் என்று இப்போதே பேசி வையுங்கள். பிடிக்கவில்லை என்று கொண்டுபோய் ஏரியில் விடுவது மட்டும் கூடவே கூடாது. ஜிலேபி மீனும் வெளியிலிருந்து வந்த சிக்லிட்தான், நம் ஏரிகளில் அது எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியும் அல்லவா?

அந்தத் தொட்டியில் சுமார் 255 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். ஹால் நடுவில் வைக்காதீர்கள். பீம் ஓடுகிற சுவரை ஒட்டி, கட்டியவரையோ ஒரு பொறியாளரையோ கேட்டுவிட்டு வையுங்கள்.

இந்த வாரம் மீன் வேண்டாம். தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிட்டாலும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். என் தொட்டி ஃபில்டரில் ஐந்து வருடமாக ஓடுகிற, அந்தப் பாக்டீரியா குடியிருக்கிற ஸ்பான்ஜில் பாதியை வெட்டித் தருகிறேன், அது வேலையைச் சீக்கிரமாக்கும். ஆனாலும் மீன் விடும் முன் தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா, அதிலிருந்து உண்டாகிற நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வாளியோடு வாருங்கள், தொட்டித் தண்ணீரிலேயே போட்டு அனுப்புகிறேன். வீட்டுக்குப் போனதும் குழாயில் கழுவிவிடாதீர்கள், அப்படியே ஃபில்டருக்குள் போகட்டும்.

பெரம்பூர்வாசி

சனிக்கிழமை ஆறு மணிக்கு வருகிறோம் அண்ணா. வாளியைப் பையன்தான் தூக்குவானாம்.