பரமட்டா ஈல்ஸ்: நெஞ்சில் நின்ற வெற்றி எது, ஆறாத தோல்வி எது?

டூங்காபி அப்பா:
வணக்கம். நான் 2008-இல் சிட்னிக்குக் குடிவந்தேன். மறு ஆண்டே இங்குள்ள பரமட்டா ஈல்ஸ் அணி புள்ளிப் பட்டியலில் எட்டாம் இடம் பிடித்து, இறுதிச் சுற்றுகளுக்குள் தட்டுத்தடுமாறி நுழைந்து, இறுதியாட்டம் வரை சென்றதைப் பார்த்த நாளிலிருந்து ரக்பி லீக் எங்கள் வீட்டு ஆட்டமாகிவிட்டது. பதினொரு வயதாகும் என் மகள் நீலமும் பொன்னிறமும் கலந்த அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டே உறங்குகிறாள். சென்ற வாரம் அவள், "நம்முடைய அணி கோப்பை வென்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டபோது, இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. கடைசியாக வென்ற 1986-இல் நான் யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தை. அந்த நாட்களை நேரில் கண்ட பெரியவர்கள், தோல்விகளையும் மறைக்காமல், உங்கள் நினைவில் நிற்பவற்றை எழுத வேண்டுகிறேன்.

பழைய வென்ட்வொர்த்வில்:
தம்பி, நான் 1985-இல் இங்கு வந்தேன். ஜாக் கிப்சனின் பயிற்சியில் 1981-இல் நியூடவுனை 20-11 என்று வென்று முதல் கோப்பையைப் பெற்றதையும், அன்றிரவு ரசிகர்கள் மகிழ்ச்சி மிகுதியில் கம்பர்லேண்ட் ஓவலின் பார்வையாளர் கொட்டகைக்கே தீ வைத்துவிட்டதையும், அடுத்த இரண்டு ஆண்டுகளும் மேன்லியை வீழ்த்தியதையும் தொழிற்சாலைத் தோழர்கள் சொல்லித்தான் அறிவேன். 1986 இறுதியாட்டத்துக்கு அவர்களே என்னைச் சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார்கள். எதிரணி கேன்டர்பரி. இருபுறமும் ஒரு ட்ரைகூட (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) விழவில்லை. இறுதியாட்டம் ஒன்று ட்ரையே இல்லாமல் முடிந்தது அதுவே முதல் முறை. நம் மிக் க்ரோனின் உதைத்த இரண்டு பெனால்டி கோல்களால் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் உதை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி) 4-2 என்று வென்றோம். விதிகள் பாதி புரியாமல் நின்றிருந்த எனக்கு, கடைசி நிமிடங்களில் பக்கத்திலிருந்தவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது மட்டும் இன்றும் நினைவிருக்கிறது. சங்கு ஊதிய பிறகுதான் விட்டார். ரே பிரைசும் க்ரோனினும் அந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார்கள்.

ஆறாத தோல்வி 1998. இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் அதே கேன்டர்பரிக்கு எதிராக, ஏறக்குறைய பத்து நிமிடங்களே மீதமிருந்த நிலையில், 18-2 என்று முன்னிலையில் இருந்தோம். பிறகு ட்ரை மேல் ட்ரையாக வாங்கினோம். கேன்டர்பரியின் டாரில் ஹாலிகன் பக்கக்கோட்டின் ஓரத்திலிருந்து உதைத்த பந்து கோல்கம்பங்களுக்கு நடுவே சென்று 18-18 என்று சமனாக்கியது. கூடுதல் நேரத்தில் 32-20 என்று முடிந்தது. வீடு வரும்வரை காரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று ஒரே வீரரின் தலையில் பழி முழுவதையும் சுமத்தினார்கள். பதின்மூன்று பேர் தோற்ற ஆட்டம் அது என்றே நான் இன்றும் சொல்வேன்.

நீலமும் பொன்னும்:
ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு 2001-தான் அதிகம் வலிக்கிறது. 1998-இல் நம்மிடம் வெல்லும் அணி மட்டுமே இருந்தது. 2001-இல் இருந்ததோ அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த அணி. 26 ஆட்டங்களில் 839 புள்ளிகள் குவித்து, பட்டியலில் முதலிடம் பிடித்து, முதன்முறையாக இரவில் நடந்த இறுதியாட்டத்துக்குள் நுழைந்தோம். நியூகாசிலின் ஆண்ட்ரூ ஜான்ஸ் ஆட்டத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தார், இடைவேளையில் 0-24. இரண்டாம் பாதியில் நாம் 24 புள்ளிகள் எடுத்தும் 24-30 என்றுதான் முடிந்தது. அந்தப் பாதியை மட்டும் தனியே எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

2009 வேறு வகை. மெல்பர்னிடம் 22-6 என்று பின்தங்கி, 22-16 வரை நெருங்கி, 23-16 என்று தோற்றோம். ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சவரம்பை மீறியதற்காக 2010-இல் மெல்பர்னின் பட்டம் பறிக்கப்பட்டது. ஆனால் அது நமக்குத் தரப்படவில்லை. அந்த ஆண்டுக்கு வெற்றியாளரே இல்லை என்று பட்டியலில் கிடக்கிறது.

மேஸ் ஹில் மகள்:
அண்ணா, உங்கள் மகளுக்கு 2019-ஐயும் சொல்லுங்கள். முந்தைய ஆண்டு கடைசி இடம் பிடித்த அணி, ஏப்ரல் 22 அன்று பரமட்டாவின் புதிய அரங்கில் ஆடிய முதல் ஆட்டத்தில் வெஸ்ட்ஸ் டைகர்ஸை 51-6 என்று வென்றது. தோற்றால் வெளியேற வேண்டிய வெளியேற்றச் சுற்றில் பிரிஸ்பேனை 58-0 என்று சாய்த்தது. (அடுத்த வாரமே மெல்பர்னிடம் 0-32.) 2022 இறுதியாட்ட நாளில் நான் அரங்கில் இருந்தேன். முதலில் நம் பெண்கள் அணி நியூகாசிலிடம் 12-32 என்றும், பிறகு ஆண்கள் அணி பென்ரித்திடம் 12-28 என்றும் தோற்றன. ஒரே இருக்கையில் அமர்ந்து இரண்டையும் பார்த்தேன். பெண்கள் தோற்றதற்காக அழுதவள், இரண்டாவதற்கு அழக் கண்ணீர் இல்லாமல் அமர்ந்திருந்தேன்.

டூங்காபி அப்பா:
அனைவருக்கும் நன்றி. 1986 ஆட்டத்தின் பதிவை மகளுடன் முழுதாகப் பார்த்தேன். ட்ரை இல்லாத ஆட்டம் அவளுக்குச் சலித்துவிடும் என்று அஞ்சினேன். கடைசிப் பத்து நிமிடம் அவள் எழுந்து நின்றுகொண்டே பார்த்தாள். பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லும்படி இப்போது கேட்கிறாள். மேஸ் ஹில் தங்கையே, சீட்டு எப்போது வாங்க வேண்டும் என்று சொல்வீர்களா?