வடசென்னையில ட்ரோன் ஓட்ட ஆரம்பிச்சவங்க அனுபவம்

தண்டையார்பேட்டை தம்பி

249 கிராம் ட்ரோன் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. கத்துக்குடுக்கற வீடியோவுல எல்லாரும் புல்வெளியில நின்னு பறக்க விடறாங்க. நம்ம ஏரியால புல்வெளிக்கு எங்க போறது? மொட்டை மாடிதான். தரையில வெச்சு ஆன் பண்ணதும் காம்பஸ் எரர்னு கத்துச்சு. தளத்துக்குள்ள ஓடுற இரும்புக் கம்பி திசைகாட்டியைக் குழப்பற வேலை அது. அம்மா வத்தல் தட்டு வைக்கற பிளாஸ்டிக் ஸ்டூல் மேல தூக்கி வெச்சேன், அடங்கிடுச்சு. இதுக்கு மேல என்ன பண்ணணும்னு இங்க ஓட்டினவங்க சொல்லுங்க. மேனுவல் படின்னு சொல்றவங்களுக்கு: படிச்சாச்சு.

கொருக்குப்பேட்டைக்காரன்

மேனுவல்ல இல்லாத ஒண்ணு இருக்கு தம்பி, மாஞ்சா. கோடை லீவுல சாயங்காலம் வானத்தைப் பாரு. காத்தாடி தெரியும், நூல் தெரியாது. போன் ஸ்க்ரீன்ல சுத்தமா தெரியாது.

எங்க தெரு மேல அசையாம நின்னுட்டிருந்த ட்ரோன் திடீர்னு ஒரு பக்கமா சாஞ்சு, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில போய் விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா முன்னாடி மோட்டார் தண்டுல ரோஸ் கலர் நூல் இறுக்கமா சுத்திக்கிட்டிருக்கு. நூல்ல இருந்த கண்ணாடித் தூள் பிளேடு (சுத்தற இறக்கை) விளிம்பை ரம்பம் மாதிரி அரிச்சு வெச்சிருக்கு. ஊசியால ஒவ்வொரு சுத்தா பிரிச்சு எடுத்தேன். பிளேடு மாத்திட்டா போதும்னு விட்டுடாதே. மோட்டாரைக் கையால சுத்திப் பாரு, எங்கயாவது பிடிக்குதான்னு.

மாஞ்சாவுக்குத் தடை இருக்கு, நூலும் மேல இருக்கு. காத்தாடி ஒண்ணு கண்ணுல பட்டாலும் நான் பையைத் திறக்கறதில்ல. டீல் போடற (காத்தாடி நூலை அறுக்கற போட்டி) பசங்க விடிகாலையில எழுந்திருக்க மாட்டாங்க, நமக்கு அதான் நேரம்.

வண்ணாரப்பேட்டை கல்யாண கேமரா

பழகினதும் சொந்தக்காரங்க "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துக்குடு"ன்னு வருவாங்க. தலையாட்டறதுக்கு முன்னாடி விதியைத் தெரிஞ்சுக்கோங்க தம்பி. 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. நானோவுக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவை சொந்த ஆசைக்கு ஓட்டினாலும் வேண்டாம், காசு வாங்கி ஓட்டினா வேணும். உங்க 249 மேல பிளேடு கார்டு (இறக்கையைச் சுத்தி மாட்டற தடுப்பு) மாட்டிப் பாருங்க, 250 தாண்டிடும். மாட்டின அன்னைக்கு அது மைக்ரோ.

எங்க பறக்கலாம்னு கலர் போட்டுக் காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பார்க்காம எங்கயும் ஏத்தாதீங்க. பச்சையில 400 அடி வரைக்கும் அனுமதி கேட்க வேண்டாம் (ஏர்போர்ட் சுற்றெல்லைகிட்ட இது இன்னும் குறையும்). மஞ்சள்ல கேட்கணும். சிவப்புன்னா ஒன்றிய அரசு அனுமதி இல்லாம நடக்காது. துறைமுகம், மணலி ரீஃபைனரி, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையம்னு நம்மைச் சுத்தியே எல்லாம் இருக்கு. "நேத்து ஒருத்தர் எடுத்தாரே"ங்கறதை எந்த இன்ஸ்பெக்டரும் பதிலா எடுத்துக்க மாட்டார்.

ஷாட் விஷயம்: புதுசா வர்றவங்க ஏறிக்கிட்டே சுத்துவாங்க, சுத்திக்கிட்டே கேமராவைக் குனிய வைப்பாங்க. எடிட்ல உட்கார்ந்தா ஒரு துண்டு தேறாது. சினி மோடுல (மெதுவா, சீரா பறக்கற மோடு) போட்டு ஒரே திசையில மெதுவா போங்க. ஸ்போர்ட் மோடு பக்கமே போகாதீங்க, அதுல தடையைக் கண்டுபிடிக்கற சென்சார் வேலை செய்யாது. வீடியோ செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ஷட்டர் 1/50 செகண்ட். வெயில்ல அதுக்கு என்டி ஃபில்டர் (லென்ஸுக்கு மேல மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கற கண்ணாடி) கண்டிப்பா வேணும், இல்லைன்னா நடக்கற ஆளு வெட்டி வெட்டித் தெரிவாரு. ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கு ஏத்த கலர் செட்டிங்) ஆட்டோல விட்டா மாப்பிள்ளை ஊர்வலம் பாதியில கலர் மாறிடும்.

காசிமேடு மச்சான்

கடல் பக்கம் வர்றதா இருந்தா காத்துதான் கணக்கு. காலையில கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்கும். ட்ரோன் ஜோரா போகும், பேட்டரி குறையறதே தெரியாது. திரும்பும்போதுதான் எதிர்க்காத்து. முக்கால்வாசி பேட்டரி அங்கதான் தீரும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து, எல்லாம் தலைகீழ். எந்த நேரமா இருந்தாலும் போகும்போதே எதிர்க்காத்துல போய்டு.

அனுமதி வாங்கின ஒரு வேலைக்கு மீன்பிடித் துறைமுகத்துல உதவிக்கு நின்னேன். ஏலம் நடக்கற நேரம், மீன் கழிவுக்கு பருந்து வட்டம் போடுது. ஒண்ணு நேரா ட்ரோனைக் குறி வெச்சுது. ஓட்டினவர் பக்கவாட்டுல ஓடல, ரிமோட் குச்சியை முழுசா தள்ளி செங்குத்தா மேல ஏத்திட்டாரு. பருந்து வட்டம் போட்டுத்தான் ஏறும், அந்த வேகம் அதுக்கு வராது. அப்புறம் இறக்கிட்டு ஏலம் முடியற வரைக்கும் டீ குடிச்சோம்.

போட்டுலேர்ந்து ஏத்தறவங்க கவனிங்க. ரிட்டர்ன் டு ஹோம் அமுக்கினா ட்ரோன் கிளம்பின இடத்துக்குத்தான் வரும். போட்டு அதுக்குள்ள நகர்ந்திருக்கும், அங்க தண்ணிதான் இருக்கும். கையாலயே பிடிக்கணும். அலை மேல தாழ்வா நிக்க வைக்காதே, கீழ் சென்சார் தண்ணியில குழம்பும்.

படம் நல்லா வேணும்னா மீன்பிடித் தடைக்காலத்துல வா. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் போகாது, எல்லாம் பக்கம் பக்கமா கட்டிக் கிடக்கும். அனுமதி இல்லாம வந்துடாதே.

தண்டையார்பேட்டை தம்பி

மச்சான், உப்புக்காத்துக்கு என்ன பண்றீங்க?

காசிமேடு மச்சான்

வீட்டுக்கு வந்ததும் லேசா ஈரம் பண்ண துணியால உடம்பைத் துடை, மோட்டாருக்குள்ள தண்ணி போகக்கூடாது. லென்ஸுக்குத் தனித் துணி. பேட்டரியை ஃபுல் சார்ஜோட பீரோல போட்டு மறந்துடாதே, ரெண்டு நாளைக்கு மேல எடுக்கலைன்னா பாதிக்கு இறக்கி வை. ஞாயித்துக்கிழமை காலையில கொருக்குப்பேட்டைக்காரரைக் கூட்டிக்கிட்டு வா, வரைபடத்தைச் சேர்ந்து பார்த்துட்டு இடம் முடிவு பண்ணலாம்.